இண்டி இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இது: எங்கு பார்த்தாலும் இண்டி, இண்டி என்கிறார்கள் என்று ஒரு செயலியில் அந்தப் பெயரில் இருந்த பட்டியலைப் போட்டுக் கேட்டீர்கள். பாதிப் பாட்டுகளில் தூக்கம் வந்தது. மீதியில் ஏதோ சரியாகப் பதிவே செய்யாத மாதிரி, பாதி காலியாக இருக்கிற மாதிரி, பாடுகிறவர் குரல் அமுங்கிக் கிடக்கிற மாதிரி இருந்தது. ஐந்தாறு பாட்டு சொல்லி, இதில் அப்படி என்னதான் இருக்கிறது என்று புரிய வைக்க முடியுமா என்கிறீர்கள். இந்த மாதிரிக் கேள்விக்கு வழக்கமாக முப்பது பாட்டுப் பட்டியல் ஒன்று பதிலாக வரும். அது உங்களுக்கு உதவாது. சிறந்த பாட்டு எது என்று நீங்கள் கேட்கவில்லை, இந்தப் பாட்டுகளில் எதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்றுதான் கேட்கிறீர்கள் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஒலிப்பதிவுக்காரன். பல வருடங்களாகச் சின்னச் சின்ன பேண்டுகளுக்கு மேடையிலும் ஸ்டூடியோவிலும் மிக்ஸிங், அதாவது குரலையும் வாத்தியங்களையும் அளவு பார்த்துக் கலக்கும் வேலை, செய்துவருகிறேன். அதனால் நான் சொல்லப்போவது முழுக்க ஒலியின் பக்கத்திலிருந்து வரும். பாட்டு வரிகளை அலசுவது என் வேலை இல்லை, அதில் என்னைவிட நன்றாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். இன்னொன்று, நான் காட்டப்போவது ஆங்கிலத்தில் பாடப்பட்ட, கிட்டாரை மையமாகக் கொண்ட இண்டி மட்டும்தான். எலக்ட்ரானிக் பக்கமும் ராப் பக்கமும் இதே அளவுக்குப் பெரிய உலகங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நான் வழிகாட்டி ஆக மாட்டேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். இண்டி என்பது ‘இண்டிபெண்டன்ட்’ (சுயேச்சையான) என்பதன் சுருக்கம், தொடக்கத்தில் அது ஒரு இசை வகையின் பெயர் இல்லை. இசைத்தட்டுக்கு யார் காசு போட்டார்கள், யார் அதைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள் என்பதுதான் விஷயம். பெரிய கம்பெனிகளின் விநியோக வழியைத் தொடாமல் வந்தால் அது இண்டி, அவ்வளவுதான். பிரிட்டனில் 1980 ஜனவரியில் இண்டி தட்டுகளுக்கென்று தனி விற்பனைப் பட்டியல் தொடங்கியபோதும் இதே அளவுகோல்தான். இதனால் வேடிக்கையும் நடந்தது. எண்பதுகளின் கடைசியில் கைலி மினோக் பாடிய பளபளப்பான பாப் பாட்டுகள் அந்தப் பட்டியலில் ஏறி உட்கார்ந்தன, ஏனென்றால் அவருடைய லேபிளின் (தட்டு வெளியிடும் நிறுவனத்தின்) தட்டுகள் சுயேச்சையான விநியோகஸ்தர் வழியாக வந்தன. இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. த ஸ்ட்ரோக்ஸ் பேண்டின் 2001 ஆல்பத்தை பிரிட்டனில் ரஃப் ட்ரேட் என்ற இண்டி லேபிளும் அமெரிக்காவில் ஆர்.சி.ஏ. என்ற பெரிய கம்பெனியும் வெளியிட்டன. ஒரே ஆல்பம், ஒரு கரையில் இண்டி, மறு கரையில் இல்லை.

அப்படியானால் ‘இண்டி மாதிரி கேட்கிறது’ என்று ஜனங்கள் சொல்கிறார்களே, அது என்ன? இங்கேதான் சர்ச்சை தொடங்குகிறது. 1986-ல் என்.எம்.ஈ. என்ற பிரிட்டிஷ் இசைப் பத்திரிகை ‘சி86’ என்று 22 பாட்டுகள் கொண்ட ஒரு கேசட்டை வெளியிட்டது. சலசலவென்ற கிட்டார், கொஞ்சம் கூச்சமான குரல், அவசரமான தாளம், இதுதான் இண்டி என்று ஒரு ஒலி அந்தச் சமயத்தில் பலர் காதில் பதிந்துவிட்டது. அந்தக் கேசட்டில் முரட்டுத்தனமான, கோணல்மாணலான பாட்டுகளும் ஏகப்பட்டது உண்டு, ஆனால் நினைவில் நின்றது இந்தச் சலசலப்புதான். அதிலிருந்து இன்றுவரை, இண்டி என்பது வியாபார முறையா, ஒலியா, மனப்போக்கா என்று சண்டை ஓயவில்லை. ஓயவும் ஓயாது. என் கட்சி இது: ஒலி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அது யாரும் திட்டமிட்டு உண்டாக்கியதில்லை. கையில் காசு குறைவு, ஸ்டூடியோவில் நேரம் குறைவு, ‘இதை மாற்று’ என்று சொல்ல மேலே ஆள் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் பாட்டு எப்படி ஆகுமோ அப்படித்தான் ஆனது. ஆகவே, அந்தச் சூழ்நிலை காதிலேயே கேட்கிற பாட்டுகளாகப் பொறுக்கியிருக்கிறேன். வருட வரிசையில் கேட்க வேண்டாம், நான் சொல்கிற வரிசையில் கேளுங்கள்.

முதலில் பிக்ஸீஸ் என்ற பாஸ்டன் பேண்டின் ‘வேர் இஸ் மை மைண்ட்?’. 1988-ல் 4ஏடி லேபிளில் வந்த ‘சர்ஃபர் ரோசா’ ஆல்பத்தில் இருக்கிறது. ‘ஃபைட் கிளப்’ படத்தின் கடைசிக் காட்சியில் ஒலிப்பதால் நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கவும் கூடும். இதை முதலில் வைத்ததற்குக் காரணம் மெட்டு உடனே ஒட்டிக்கொள்ளும் என்பதுதான், அதற்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது மெட்டை விட்டுவிட்டு, பின்னால் ‘ஊ’ என்று நீளமாக இழுக்கிற பெண் குரலை மட்டும் பின்தொடருங்கள். அது பேண்டில் பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான கிட்டார்) வாசித்த கிம் டீல். அந்தக் குரலைப் பதிவு செய்தது ஸ்டூடியோவின் குளியலறையில். ஸ்டீவ் ஆல்பினி என்ற ஒலிப்பதிவாளர், கருவியில் எதிரொலியைச் சேர்ப்பதை விட்டு, ஓடு பதித்த சுவரில் குரல் பட்டுத் திரும்புகிற ஓசையையே பிடித்தார். அதனால்தான் அந்தக் குரல் பாட்டுக்கு உள்ளே இல்லாமல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி இருக்கிறது. அதேபோல டிரம்ஸைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடியும் ஒரு அறைக்குள் விழுந்து, அந்த அறை பதில் சொல்வது கேட்கும். மைக்கை டிரம்ஸுக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காமல் தள்ளியும் வைத்தால்தான் இது வரும். ஆல்பினியின் கையெழுத்தே அதுதான். இந்த ஆல்பத்துக்கு அவர் வாங்கியது மொத்தமாக 1,500 டாலர். விற்பனையில் பங்கு வாங்குவதில்லை என்பதைக் கடைசிவரை கொள்கையாகவே வைத்திருந்தார். 2024-ல் காலமானார். எங்கள் தொழிலில் அவரைத் திட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் அவருடைய டிரம்ஸ் ஒலியைக் காப்பியடிக்க முயலாதவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அடுத்து, பின்னோக்கி ஒரு தாவல். மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ், ‘போர்டம்’. 1976 டிசம்பர் 28-ல் பதிவு செய்து, அடுத்த மாதம் 29-ஆம் தேதி ‘ஸ்பைரல் ஸ்க்ராட்ச்’ என்ற நான்கு பாட்டுத் தட்டாகத் தாங்களே வெளியிட்டார்கள். நண்பர்களிடமும் வீட்டிலும் கடன் வாங்கிய 500 பவுண்டில் நடந்த காரியம் இது. ஒரே நாளில் சில மணி நேரத்தில் நான்கு பாட்டையும் பதிந்து மிக்ஸிங்கும் முடித்துவிட்டார்கள். தட்டின் உறையில், ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக் (எத்தனையாவது தடவை வாசித்துப் பதிந்தது), அதன் மேல் கிட்டார் தனியாகச் சேர்த்தார்களா இல்லையா என்பதையும் அச்சடித்துப் போட்டார்கள். சமையல் குறிப்பைப் பொட்டலத்தின் மேலேயே ஒட்டித் தருவது மாதிரி. வாங்கியவன் படித்துவிட்டு, ‘அட, இவ்வளவுதானா, நாமும் செய்யலாமே’ என்று நினைத்தான், பலர் செய்தும் காட்டினார்கள். முதலில் அடித்தது 1,000 பிரதி, போகப்போக 16,000 விற்றது. இந்தப் பாட்டில் நீங்கள் காத்திருக்க வேண்டிய இடம் கிட்டார் சோலோ, அதாவது கிட்டார் தனித்து முன்னால் வருகிற பகுதி. இரண்டே இரண்டு சுரம், திரும்பத் திரும்ப, விடாமல். சலிப்பைப் பற்றிய பாட்டில் சலிப்பூட்டுகிற சோலோ, அதுவும் சிரிப்பு வருகிற மாதிரி. அந்தக் காலத்தில் கிட்டார் வாசிப்பவர் என்றாலே விரல் வேகத்தைக் காட்டியே தீர வேண்டும் என்றிருந்தது. அதற்கு இது பதில். இதைத்தான் முதல் இண்டி தட்டு என்று சிலர் எழுதுவார்கள், அதை அப்படியே நம்ப வேண்டாம். ப்ளூஸும் ஜாஸும் ரெக்கேயும் சின்ன லேபிள்களில்தான் வளர்ந்தன. பிரிட்டனிலேயே ஸ்டிஃப், சிஸ்விக் போன்ற சின்ன லேபிள்கள் அதற்கு முன்பே ராக் தட்டுகள் போட்டுக்கொண்டிருந்தன. பஸ்காக்ஸ் செய்த புதுமை, லேபிளையும் பேண்டே நடத்தலாம் என்று காட்டியதுதான். அவர்களும் அதே வருடம் ஒரு பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டார்கள் என்பது தனிக்கதை.

இதே உற்சாகம் உலகத்தின் மறு மூலையில் எப்படிக் கேட்டது என்று தெரிந்துகொள்ள விருப்பம் இருந்தால் நியூசிலாந்தின் த க்ளீன் பேண்டின் ‘டாலி ஹோ!’ (1981) கேளுங்கள். ஃப்ளையிங் நன் என்ற புத்தம்புது லேபிளின் தொடக்கக் காலத் தட்டுகளில் ஒன்று. பதிவுச் செலவு 50 டாலர் என்று ஒரு கதை சுற்றுகிறது, அந்த எண்ணைக் கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். நாட்டின் விற்பனைப் பட்டியலில் 19-ஆம் இடம் வரை போனது மட்டும் நிஜம். முன்னால் குதிக்கிற அந்த ஆர்கன் ஓசையை வாசித்தது மார்ட்டின் ஃபிலிப்ஸ், அதே ஊரின் இன்னொரு பேண்டான த சில்ஸை நடத்தியவர். இதில் ஆராய ஒன்றுமில்லை, நல்ல மனநிலையில் இருக்கும்போது போடுங்கள்.

இப்போது உங்கள் புகாருக்கு நேராக வருகிறேன். ‘ஏதோ சரியாகப் பதிவு செய்யாத மாதிரி, பாதி காலியாக இருக்கிற மாதிரி’ என்றீர்கள். யங் மார்பிள் ஜயண்ட்ஸ் என்ற பேண்டின் ‘ஃபைனல் டே’ (1980) பாட்டை எடுத்துக்கொள்வோம். வேல்ஸின் கார்டிஃப் நகரத்து மூன்று பேர்: ஸ்டூவர்ட் மாக்ஸம், ஃபிலிப் மாக்ஸம் என்று அண்ணன் தம்பிகள் இருவர், பாடுவதற்கு ஆலிசன் ஸ்டாட்டன். டிரம்ஸ் வாசிக்க ஆள் கிடையாது, டிரம் மெஷினின் ஓசையைக் கேசட்டில் பதிந்து வைத்துக்கொண்டு அதன் மேல் வாசித்தார்கள். அவர்களைச் சுற்றியிருந்த பேண்டுகள் எல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் கிசுகிசுத்தார்கள். பாட்டு இரண்டு நிமிடம்கூட இல்லை. அணு ஆயுதப் போரில் உலகம் முடிகிற நாளைப் பற்றியது. அதை ஸ்டாட்டன் பாடுவது, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற குரலில். கமகமோ நடுக்கமோ அழுத்தமோ எதுவும் கிடையாது. அடியில் ஒரு மெல்லிய உயர்ந்த ஒலி விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். முதல் தடவை கவனிக்கவே மாட்டீர்கள், கவனித்த பிறகு அது இல்லாமல் அந்தப் பாட்டைக் கேட்க முடியாது. கிட்டார் தந்திகளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு வாசிப்பதால் ஒவ்வொரு சுரமும் பிறந்த உடனே செத்துப்போகிறது. மெட்டின் பாதி வேலையை பேஸ் செய்கிறது.

ஒரு மிக்ஸிங்காரனாக எனக்கு இந்தப் பாட்டு ஏன் முக்கியம் என்றால், இதில் கை வைக்க இடமே இல்லை. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று சாகும். நம் காது வழக்கமாகக் கேட்டுப் பழகிய பாட்டுகளில் ஒவ்வொரு இடைவெளியிலும் வயலின் கூட்டமோ கோரஸோ தாளமோ எதையாவது ஊற்றி நிரப்பியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தோடு இதைக் கேட்டால் ‘இன்னும் முடிக்கவில்லை போல’ என்றுதான் தோன்றும். தப்பில்லை. ஆனால் மூன்று நான்கு தடவை கேட்டபின் நிரப்பாத அந்த இடம்தான் பயத்தை உண்டாக்குகிறது என்று தெரியவரும். இந்தப் பேண்ட் போட்ட முழு ஆல்பம் ஒன்றே ஒன்று, அதே 1980-ல் வந்த ‘கலோசல் யூத்’. அப்புறம் கலைந்துவிட்டார்கள். நிர்வாணா என்ற சத்தமான ராக் பேண்டின் கர்ட் கோபெய்ன் அதைத் தனக்கு மிகப் பிடித்த ஆல்பங்களில் ஒன்றாகச் சொல்லியிருக்கிறார். அவர் போட்ட சத்தத்துக்கும் இந்தக் கிசுகிசுப்புக்கும் என்ன உறவு என்று யோசித்தால் இண்டி பற்றி நிறைய விளங்கும். தயவுசெய்து இதை ஃபோன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். சின்ன ஸ்பீக்கரால் பேஸின் தாழ்ந்த ஒலிகளைத் தர முடியாது, பாதிப் பாட்டு காணாமல் போய்விடும், பிறகு ‘காலியாக இருக்கிறது’ என்று சொன்னால் அதில் பேண்டின் தவறு எதுவும் இல்லை.

குரல் அமுங்கிக் கிடப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பெரிய பாப் பாட்டில் குரலைத்தான் முதலில் நிறுத்துவோம். ஒவ்வொரு அசையும் ஒரே அளவில் கேட்கும்படி கம்ப்ரஷன் போட்டு அழுத்தி, மற்ற வாத்தியங்களுக்கு முன்னால் கொண்டுவருவோம். சின்ன பேண்ட்கள் பழகுவது குறுகலான அறையில், ஒரு சுமாரான ஸ்பீக்கரில் பாடகர் குரல் டிரம்ஸோடு மல்லுக்கட்டிக்கொண்டு. அவர்களுக்கு அந்தச் சமநிலைதான் பாட்டு. ஸ்டூடியோவில் குரலை மேலே தூக்கினால் ‘இது வேற யாரோ மாதிரி இருக்கு’ என்பார்கள். பாடுகிறவரே தன் குரலைக் கேட்கக் கூசி, இன்னும் கொஞ்சம் குறையுங்கள் என்று கெஞ்சுவதும் சகஜம். சிலருக்கு அது வேண்டுமென்றே எடுத்த முடிவு, குரலும் இன்னொரு வாத்தியம் என்ற எண்ணம். சிலருக்கு வெறும் அனுபவக் குறைவு. காதால் மட்டும் கேட்டு இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது எனக்கே பல நேரம் முடிவதில்லை, ஆகவே ‘அமுங்கியிருந்தால் கலை’ என்று யாராவது சொன்னால் பாதியைத் தள்ளுபடி செய்துவிடுங்கள். இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு: எழுபது, எண்பதுகளின் பதிவுகள் இன்றைய பாட்டுகளைவிடக் குறைந்த அளவில் முடிக்கப்பட்டவை. செயலியில் எல்லாப் பாட்டையும் ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவரும் வசதி அணைந்திருந்தால் பழையது எல்லாம் நோஞ்சானாகத் தோன்றும். அதைப் போட்டுவிட்டு, ஒலியைக் கொஞ்சம் ஏற்றிக் கேளுங்கள்.

இண்டி என்றாலே கரடுமுரடாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு பாட்டு: த ஸ்மித்ஸ், ‘திஸ் சார்மிங் மேன்’, 1983, ரஃப் ட்ரேட். பேண்டில் கிட்டார் வாசிப்பவர் ஜானி மார் ஒருவர்தான், ஆனால் கேட்பது ஒரு கூட்டம். ஒன்றன்மேல் ஒன்றாகத் தானே வாசித்து அடுக்கியது. சின்ன லேபிளிலும் இவ்வளவு மினுமினுப்பு சாத்தியம் என்று அன்றைக்கு இது நிரூபித்தது. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது, கேட்ட பத்தாவது விநாடியில் பிடிக்கும் அல்லது பிடிக்காது.

அடுத்தது எலியட் ஸ்மித்தின் ‘பிட்வீன் த பார்ஸ்’. 1997-ல் கில் ராக் ஸ்டார்ஸ் என்ற லேபிளில் வந்த ‘ஈதர்/ஆர்’ ஆல்பத்தில் இருக்கிறது. அந்த ஆல்பத்தின் பெரும்பகுதியை வீடுகளில் பதிவு செய்தார். தூக்கம் வருகிறது என்று நீங்கள் சொன்ன வகைப் பாட்டுகளுக்கு இது ஒரு விதத்தில் தாத்தா என்பதால் இதைக் கட்டாயம் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஹெட்போனில் மட்டும் கேளுங்கள். எலியட் ஸ்மித்துக்கு ஒரு பழக்கம்: ஒரு தடவை பாடிப் பதிந்துவிட்டு, அதே வரிகளை அதே மூச்சு, அதே இழுப்போடு மறுபடி பாடி மேலே வைப்பார். இயந்திரம் கொண்டு ஒரே குரலைப் பிரதியெடுத்தால் இப்படி வராது. இரண்டு தடவை பாடியதில் மயிரிழை அளவு வித்தியாசம் இருக்கும், அந்த வித்தியாசம்தான் குரலைக் காதுக்குள் நெருக்கமாக வைக்கிறது. மெதுவான மூன்றடித் தாளம், தாலாட்டு மாதிரி. ஆனால் பேசுவது யார் என்று கவனித்தால் தாலாட்டு நின்றுவிடும். குடிப்பவனிடம் குடியே கொஞ்சிப் பேசுவதாகத்தான் பலரும் இதைப் புரிந்துகொள்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது. ‘குட் வில் ஹண்டிங்’ படத்தில் இந்தப் பாட்டும் வந்தது. அதே படத்துக்கு அவர் எழுதிய வேறொரு பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரையாகி, 1998 விழா மேடையில் பாடினார். 2003-ல் இறந்துபோனார்.

இன்றைய இண்டி பட்டியல்களில் ஓடுகிற மென்மையான பாட்டுகளில் பெரும்பகுதி இவருடைய ஒலியைத் தோலாகப் போர்த்திக்கொண்டவை: மெல்லிய கிட்டார், மூச்சுக் காற்றுக் குரல், லேசான எதிரொலி. உள்ளே இருக்கிற கூர்மை மட்டும் வராது. உங்களுக்குத் தூக்கம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. அந்த மாதிரிப் பட்டியல்கள் யாரையும் உறுத்தாமல் பின்னணியில் ஓடுவதற்காகத் தொகுக்கப்படுபவை, அவற்றை வைத்து இண்டியை எடை போடுவது நியாயம் இல்லை. இது என் கருத்துதான், அந்தப் பட்டியல்களை விரும்பிக் கேட்கிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, அண்மைக் காலத்திலிருந்து ஒன்று: பிக் தீஃப் பேண்டின் ‘நாட்’. 2019-ல் வந்த ‘டூ ஹேண்ட்ஸ்’ ஆல்பத்தில், பிக்ஸீஸுக்குச் சொன்ன அதே 4ஏடி லேபிளில். அந்த ஒரே வருடத்தில் இவர்கள் இரண்டு ஆல்பம் போட்டார்கள். முதலாவது ஈரமும் பசுமையுமான வாஷிங்டன் மாநிலத்தில் பதிவானது, இது டெக்சஸில் மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில், பாலைவனத்து வெயிலில். நான்கு பேரும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க, பின்னால் ஒட்டுப்போடுவதைக் கூடுமானவரை தவிர்த்துப் பதிந்த ஆல்பம். இன்றைக்கு மடிக்கணினியிலேயே ஒவ்வொரு சுரத்தையும் திருத்திவிட முடியும் என்னும்போது, திருத்தாமல் விடுவதுதான் கஷ்டமான முடிவு. பேண்டின் பாடகி ஏட்ரியன் லெங்கர் ‘அதுவல்ல, இதுவல்ல’ என்று அடுக்கிக்கொண்டே போகிறார், குரல் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிகிறது. பாட்டின் பிற்பாதியில் வார்த்தை நின்று அவரே வாசிக்கிற கிட்டார் சோலோ வருகிறது, அழகில்லாத, தடுக்கி விழுந்து எழுந்து ஓடுகிற சோலோ. பஸ்காக்ஸின் இரண்டு சுர சோலோவை முதலில் கேட்டிருந்தால் இது எங்கிருந்து வருகிறது என்று சொல்லாமலே தெரியும். விரல் வேகம் இங்கேயும் பொருட்டில்லை. இதைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள், ஆறு நிமிடம் ஆகும்.

இண்டியைப் பற்றிப் படிக்கத் தொடங்கினால் இரண்டு பிரபலமான கதைகள் கட்டாயம் காதில் விழும் என்பதால் அவற்றைப் பற்றி ஒரு வார்த்தை. நியூ ஆர்டர் என்ற பேண்டின் ‘ப்ளூ மண்டே’ (1983) தட்டுக்கு, ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி வெட்டிய உறை போட்டதால் ஒவ்வொரு பிரதி விற்கும்போதும் ஃபேக்டரி லேபிளுக்கு நஷ்டம் என்பார்கள். உறை உண்மை, பாட்டு பயங்கரமாக விற்றதும் உண்மை. நஷ்டக் கணக்கை மட்டும் அதில் சம்பந்தப்பட்டவர்களே ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். மை ப்ளடி வேலன்டைன் என்ற பேண்டின் ‘லவ்லெஸ்’ (1991) ஆல்பம் கிரியேஷன் லேபிளுக்கு இரண்டரை லட்சம் பவுண்டு செலவு வைத்து அதைத் திவாலாக்கப் பார்த்தது என்பது இன்னொன்று. கிட்டத்தட்ட இரண்டு வருடம், 19 ஸ்டூடியோக்கள் என்பதில் தகராறு இல்லை. தொகையை மட்டும் பேண்டின் தலைவர் கெவின் ஷீல்ட்ஸ் ஏற்றுக்கொள்வதில்லை. இதைச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘லவ்லெஸ்’தான் உச்சம், அதில் தொடங்கு என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். வேண்டாம். கிட்டாரின் ட்ரெமொலோ பிடியை (தந்திகளின் இறுக்கத்தை மாற்றுகிற நெம்புகோலை) ஆட்டிக்கொண்டே வாசித்து, சுருதியே நெளிகிற மாதிரி செய்திருக்கிற ஆல்பம் அது. குரல் அமுங்கியிருக்கிறது என்று ஏற்கெனவே முறையிடுகிற உங்களுக்கு முதல் நாளே அதைக் கொடுப்பது கொடுமை. ரொம்ப ஆசையாக இருந்தால் அதிலுள்ள ‘சம்டைம்ஸ்’ மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

எப்படிக் கேட்பது என்பதற்குப் பெரிய விதியெல்லாம் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்று போதும், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் ஓட்டினால் மறுபடி பட்டியல் மாதிரிதான் ஆகும். ஒவ்வொன்றையும் இரண்டு தடவையாவது கேளுங்கள், இரண்டாம் தடவை நான் சொன்ன அந்த ஒரு சங்கதியை மட்டும் பின்தொடர்ந்து. பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லைதான், அதை யாருக்கும் நியாயப்படுத்த வேண்டியதில்லை. இந்த ஏழில் இரண்டு ஒட்டினால் போதும் என்று நினைக்கிறேன்.

ஒட்டியதிலிருந்து எங்கே போவது என்று கேட்டால்: பிக்ஸீஸ் பிடித்திருந்தால், கிம் டீல் நடத்திய த ப்ரீடர்ஸ் பேண்டின் ‘கேனன்பால்’ (1993). பஸ்காக்ஸோ த க்ளீனோ பிடித்திருந்தால், கைடட் பை வாய்ஸஸ் பேண்டின் ‘ஐ ஆம் எ சயன்டிஸ்ட்’ (1994). பள்ளி ஆசிரியராக இருந்த ராபர்ட் பொல்லார்டின் பேண்ட் அது, அந்தப் பாட்டு இருக்கிற ‘பீ தவுசண்ட்’ ஆல்பம் நான்கு டிராக் கேசட் கருவிகளில் (ஒரே கேசட்டில் நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதிபவை) வீட்டிலேயே பதிந்தது, அதன் இரைச்சலுக்கு நீங்கள் அதற்குள் பழகியிருப்பீர்கள். யங் மார்பிள் ஜயண்ட்ஸ் பிடித்திருந்தால் ‘கலோசல் யூத்’ முழுவதும். எலியட் ஸ்மித் என்றால் ‘ஈதர்/ஆர்’ முழுவதும், ஆனால் ராத்திரி தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டாம். ‘நாட்’ மட்டும்தான் பிடித்தது என்றால் மற்றவற்றை மறந்துவிட்டு ‘டூ ஹேண்ட்ஸ்’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து போடுங்கள், ‘நாட்’ அதில் ஏழாவதாக வருகிறது, அதற்கு முன்னால் இருக்கிற ஆறையும் தாண்டிக் குதிக்காமல்.